தீராத் தாகம்

நோய்களுட் சில வலியோடு வருகின்றன. சில காய்ச்சலோடு வருகின்றன. இவை இரண்டும் இன்றி, ஒரு செம்புத் தண்ணீரைத் துணையாகக் கொண்டு வீட்டினுட் குடிபுகும் நோயும் உண்டு. நாற்பது, நாற்பத்தைந்து வயதை எட்டிய ஒருவருக்கு உணவின்பின் அருந்தும் தண்ணீர் போதாமற் போகின்றது. சில நாட்களிற் படுக்கையின் அருகே செம்பொன்று வைக்கவேண்டியதாகின்றது. பின்னர் அச்செம்பும் நள்ளிரவுக்கு முன்னரே வெறுமையாகிவிடுகின்றது. இரவில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து வெளியே போய்வருகின்றார். போய்வந்த ஒவ்வொரு முறையும் நாக்கு உலர்ந்திருக்கின்றது. வீட்டார் இதனைக் கண்டு, "வெயில் கொடிது, உடம்பு சூடாகிவிட்டது" என்று ஆறுதல் கூறுகின்றனர். பங்குனி, சித்திரை மாதங்களில் யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ வாழ்பவருக்கு இவ்விளக்கம் மிகவும் பொருத்தமாகவே தோன்றும்.

ஆயினும் இவ்விளக்கம் உண்மைதானா என்பதை வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம். வெயிலில் வேலை செய்பவனின் உடல்நீர் வியர்வையாய் வெளியேறுகின்றது. அந்நிலையிற் சிறுநீரகங்கள் எஞ்சிய நீரைக் கஞ்சத்தனமாகக் காக்கின்றன. ஆகவே வெயிலினால் வரும் தாகத்திற் சிறுநீர் குறையும். அதன் நிறமும் தேயிலைச் சாயம் போலக் கடுமையாகும். தாகமும் மிகுந்து, சிறுநீரும் மிகுந்து, அது கிணற்று நீர் போலத் தெளிந்திருக்குமாயின் வெயிலின்மேற் பழி சுமத்துவதிற் பயனில்லை. வேறு காரணத்தைத் தேடவேண்டும்.

சிறுநீர் மிகுதியாகப் போகின்றது என்று சொல்வோரில் எல்லோருக்கும் அது உண்மையாக மிகுதியாவதில்லை. பல முறை போவது வேறு. பெருமளவு போவது வேறு. வயது முதிர்ந்த ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாயிலில் உள்ள சுரப்பி பருத்தால், ஒவ்வொரு முறையும் சிறிதளவே வெளியேறும். ஆனால் அடிக்கடி போகவேண்டி வரும். சிறுநீர்ப்பையிற் கிருமி தொற்றிய பெண்களுக்கும் அவ்வாறே, எரிவும் உடனிருக்கும். கருவுற்ற பெண்களுக்குக் கருப்பையின் அழுத்தத்தாலும் அடிக்கடி போக நேரும். இவற்றைப் பிரித்தறியும் வழி மிக எளியது: அளந்து பார்ப்பதே. காலையில் எழுந்தவுடன் போகும் முதற் சிறுநீரை விட்டுவிட்டு, அதன் பின் போவதையெல்லாம், மறுநாட் காலை எழுந்தவுடன் போவதையும் சேர்த்து, ஒரு பாத்திரத்திற் சேகரித்து அளக்கவேண்டும். நலமுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 1 லீற்றர் முதல் 2 லீற்றர் வரை சிறுநீர் கழிப்பார். 3 லீற்றருக்கு மேற்பட்டால் வைத்தியர்கள் அதனை மிகுசிறுநீர் என்பர். வீட்டிலுள்ள 750 மில்லிலீற்றர்ப் போத்தலால் அளப்பின் 4 போத்தல் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இக்காரியத்துக்குப் பலர் கூச்சப்படுகின்றனர். ஆனால் வைத்தியரின் முன்னால் அமர்ந்து, "நிறையப் போகின்றது ஐயா" என்று பத்து முறை சொல்வதிலும் "நேற்று ஐந்தரைப் போத்தல் போயிற்று" என்று ஒரு முறை சொல்வது அவருக்கு மிகவும் உதவும். அந்த ஒரு நாளில் அருந்திய நீரின் அளவையும் குறித்துக்கொண்டு போவது இன்னும் நன்று.

சிறுநீர் ஏன் இவ்வாறு பெருகுகின்றது என்பதை விளங்கிக்கொள்ளச் சிறுநீரகத்தின் வேலையைச் சற்றே அறிதல் வேண்டும். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடித்தெடுக்கின்றன. அவ்வளவும் வெளியே போனால் மனிதன் ஒரு பொழுதும் உயிர் தரியான். வடித்த நீரில் நூற்றில் 99 பங்கை நுண்குழாய்கள் மீண்டும் உறிஞ்சிக் குருதியிற் சேர்த்துவிடுகின்றன. எஞ்சிய ஒரு பங்கே சிறுநீர். இந்த மீட்சி இரண்டு வகையாகத் தடைப்படலாம். குழாயினுள் இருக்கும் ஏதோ ஒரு பொருள் நீரைத் தன்னோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியேறலாம். அல்லது, நீரை மீட்டுக்கொள்க என்று குழாய்களுக்கு வரவேண்டிய கட்டளை வராமலோ, வந்தும் கேளாமலோ போகலாம். இவ்விரண்டிலும் முதலிற் சிறுநீர் பெருகுகின்றது. இழந்த நீரை ஈடுசெய்யவே தாகம் பின்தொடர்கின்றது. மூன்றாவதாக, சிறுநீரகத்தில் யாதொரு குறையும் இன்றி, மனிதனே அளவுகடந்து நீரை அருந்துவதும் உண்டு. அங்கே குடிப்பது முதலிலும் சிறுநீர் பின்னருமாக முறை மாறிவிடுகின்றது.

நீரை இழுத்துச் செல்லும் பொருள்களுள் முதன்மையானது சீனி. நம்மவர் சலரோகம் என்று வழங்கும் நீரிழிவு இதுவே. பாரதநாட்டுப் பழைய வைத்தியர்கள் இதற்கு மதுமேகம் என்று பெயரிட்டனர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதை அவர்கள் கண்டிருந்தனர். ஐரோப்பாவில் 1674ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியரான தோமஸ் வில்லிஸ் சிறுநீரின் இனிப்பை எழுதிவைத்தார். அவ்வினிப்புக்குக் காரணம் சீனியே என்பதை 1776ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்து மத்தியூ டொப்சன் காட்டினார். அவர் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்தபோது அடியில் வெண்ணிறமான சீனி எஞ்சியது. அதனிலும் முக்கியமாக, நோயாளியின் குருதிநீரும் இனிப்பதை அவர் கண்டார். நோய் சிறுநீரகத்தில் இல்லை, உடல் முழுவதிலும் பரந்திருக்கின்றது என்ற எண்ணத்துக்கு அது வித்தாயிற்று.

எறும்பு மொய்க்கின்றதா என்று பார்த்து நோயை நிச்சயிக்கும் பழக்கம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. எறும்பு வந்தால் ஐயப்படலாம் என்பது சரியே. எறும்பு வரவில்லை, ஆகவே நோயில்லை என்று முடிவு செய்தல் மட்டும் பெரும் பிழை. ஏனெனில், குருதியில் உள்ள குளுக்கோசு 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே சிறுநீரில் வழியத் தொடங்குகின்றது. அதற்குக் கீழே பல ஆண்டுகள் நோய் மறைந்திருந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் அரிக்கக்கூடும். பெனடிக்ற் கரைசலைச் சிறுநீரோடு சூடாக்கி, நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாவதைப் பார்த்த முன்னாளைப் பரிசோதனைக்கும் இதே குறை இருந்தது. ஆகவே இன்று குருதியையே சோதிக்கின்றனர். எட்டு மணி நேரம் உணவின்றி இருந்து எடுத்த குருதியிற் குளுக்கோசு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. மிகுதாகமும் மிகுசிறுநீரும் உள்ள ஒருவருக்கு எந்நேரத்தில் எடுத்த குருதியிலும் 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதுவும் நீரிழிவே. கடந்த இரண்டு மூன்று மாத நிலையைக் காட்டும் பரிசோதனை ஒன்றும் உண்டு, அதில் 6.5 சதவீதம் எல்லையாகும். இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வொன்றில் வளர்ந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் அதுவரை தமக்கு நோய் உண்டென்பதையே அறியாதிருந்தனர். அதன் பின்னர் நோயாளரின் தொகை மேலும் பெருகியிருக்கின்றது.

தாகத்தோடு உடல் மெலிதல், பார்வை மங்கல், மறைவிடத்திற் சொறிவு, ஆறாத புண் ஆகியவை சேர்ந்திருந்தால் நீரிழிவையே முதலில் எண்ணவேண்டும். இங்கே ஒரு கொடிய வட்டம் நேர்ந்துவிடுகின்றது. தாகம் கொண்டவர் கையிற் கிடைக்கும் இனிப்புச் சோடாவையும், சீனி கலந்த பழரசத்தையும், செவ்விளநீரையும் மாறி மாறி அருந்துகின்றார். அருந்திய சீனி குருதியில் ஏறுகின்றது. குருதியிலிருந்து சிறுநீருக்கு வழிந்து மேலும் நீரை இழுக்கின்றது. தாகம் முன்னிலும் பெருகுகின்றது. வெறுந் தண்ணீரே இவருக்கு ஏற்ற பானம். "சீனியை நிறுத்திவிட்டேன், பனங்கட்டியோடுதான் தேநீர்" என்று பெருமையோடு சொல்வோரும் இருக்கின்றனர். பனங்கட்டியிற் பெரும்பகுதி சீனியே. குரக்கன் பிட்டு நீரிழிவுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, வழக்கமான அளவிலும் இரண்டு மடங்கு உண்பவரின் கதையும் இதுதான். குரக்கனிலும் மாப்பொருள் உண்டு. பாவற்காயும் வெந்தயமும் உணவிற் சேர்வதற்குத் தடையில்லை. ஆனால் அவற்றை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

நீரிழிவின் சிகிச்சை முறைகளை வானொலியிலும் பத்திரிகைகளிலும் பலர் பலமுறை விளக்கியிருக்கின்றனர். ஆதலால் அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. உணவின் அளவு, நடை, உடல் நிறையைக் குறைத்தல், மெற்போமின் போன்ற மாத்திரைகள், தேவையாயின் இன்சுலின் என்பனவே அதன் படிகள். 1889ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்தது. அந்த வழியைத் தொடர்ந்தே 1921ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் இன்சுலின் கிடைத்தது. அதற்கு முன் மெலிந்த இளைஞர்க்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது. "ஊசி போடத் தொடங்கினால் அதுவே முடிவு" என்று அஞ்சுவோர் இன்றும் உளர். வரலாறு அதற்கு நேர்மாறானது.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூறவேண்டும். தாகத்தோடும் மிகுசிறுநீரோடும் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த பெருமூச்சு, மூச்சிற் பழவாசனை, அறிவு மயங்கல் ஆகியவை தோன்றுமாயின் நாளைக் காலை வரை காத்திருத்தலாகாது. குருதியில் அமிலம் ஏறிவிட்டதன் அடையாளம் அது. முதியவர்களுக்குப் பழவாசனையும் பெருமூச்சும் இல்லாமலே, சில நாட்கள் தொடர்ந்து நீரை இழந்து, சோர்ந்து, உறக்கம் போன்ற மயக்கத்துள் ஆழ்வதும் உண்டு. வயது போனவர் அசதியாற் படுத்திருக்கின்றார் என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். இரண்டும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டிய நிலைகள்.

இனி, பெரும்பாலோர் நினையாத பக்கத்துக்கு வருவோம். தாகத்தால் வருந்தும் ஒருவர் வைத்தியரிடம் போகின்றார்; குருதி சோதிக்கப்படுகின்றது; "சீனி இல்லை" என்ற விடை வருகின்றது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "சலரோகம் இல்லையாம்; இனி இந்தத் தண்ணீர்ப் பழக்கத்தை விட்டால் எல்லாம் சரி" என்று முடிவு செய்கின்றனர். அவர் கையில் உள்ள செம்பைப் பறிக்கின்றனர். உண்மையில் ஆபத்துத் தொடங்குவது இந்த இடத்திலேதான். சீனி இல்லை என்னும் விடை ஒரு நோயை விலக்குகின்றது, தாகத்தை விளக்கவில்லை.

1794ஆம் ஆண்டிலேயே யோகான் பீற்றர் பிராங்க் என்னும் ஜேர்மானிய வைத்தியர் இனிப்புள்ள மிகுசிறுநீரையும் இனிப்பற்ற மிகுசிறுநீரையும் வேறுபடுத்தி எழுதினார். பின்னதற்குச் சுவையற்ற நீரிழிவு என்னும் பொருளுடைய இலத்தீன் பெயர் நிலைத்தது. சீனி நோயோடு ஒப்பிடுகையில் இது அரிய நோய். பெயரில் உறவு உண்டேயன்றி நோயில் உறவில்லை. மூளையின் அடிப்பகுதியில் வாசோபிரெசின் என்னும் ஓமோன் உண்டாகி, கபச்சுரப்பியின் பின்பாகத்திற் சேமிக்கப்படுகின்றது. குருதி சற்றே அடர்ந்தாலும் இந்த ஓமோன் வெளிப்பட்டுச் சிறுநீரகத்துக்குச் செல்கின்றது. நீரை மீட்டுக்கொள்க என்னும் கட்டளை இதுவே. கட்டளை பிறக்கும் இடம் கெட்டுவிட்டால் நாளொன்றுக்கு 5 லீற்றர், 10 லீற்றர், சிலருக்கு அதனிலும் மேலாக நீர் வெறுமனே வழிந்தோடுகின்றது. இந்நோயாளர் பலருக்குக் குளிர்ந்த நீரிலேயே வேட்கை. குளிர்பெட்டியைத் திறந்து திறந்து பனிக்கட்டியைத் தேடுவர். சிலர் நோய் தொடங்கிய நாளையே நினைவிற் கொண்டு சொல்வர். அவ்வளவு திடீரென்று அது வருவதுண்டு.

கட்டளையிடும் இடம் கெடுவதற்குக் காரணங்கள் பல. வீதி விபத்தில் தலையில் ஏற்பட்ட பலத்த அடி, கபச்சுரப்பியின் அருகே வளரும் கட்டி, அங்கே செய்யப்பட்ட சத்திரசிகிச்சை, மூளையுறைகளைத் தாக்கும் அழற்சி ஆகியவை அவற்றுட் சில. உடல் தன்னையே எதிர்த்து அவ்விடத்தை அழித்தலும் உண்டு. காரணமே தெரியாதவர்களும் பலர். கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில், நச்சுக்கொடியில் உண்டாகும் ஒரு நொதியம் இந்த ஓமோனைச் சிதைப்பதால் நோய் தோன்றி, மகப்பேற்றின் பின் சில வாரங்களில் மறைவதும் அரிதாக நிகழ்கின்றது.

கட்டளை வந்தும் சிறுநீரகம் கேளாதிருத்தல் மற்றொரு வகை. பிறவியிலேயே இக்குறை உள்ளவர்கள் உளர்; வளர்ந்தோரிற் புதிதாகக் காணப்படுவது பெரும்பாலும் வேறு காரணத்தால் வருவது. குருதியிற் கல்சியம் மிகுந்தாலும், பொற்றாசியம் குறைந்தாலும் சிறுநீரகம் இவ்வாறு செவிடாகின்றது. கல்சியம் ஏறுவதற்குக் கழுத்திலுள்ள சிறு சுரப்பியொன்றின் கட்டியோ, எலும்பிற் பரவிய புற்றுநோயோ காரணமாகலாம். ஆகவே தாகத்தை ஆராயப் போய் அதனிலும் பெரிய நோயொன்றை உரிய காலத்திற் கண்டுபிடித்தலும் உண்டு. மனநோய்க்குக் கொடுக்கப்படும் இலித்தியம் என்னும் மருந்தும் நீண்டகாலப் பாவனையிற் சிறுநீரகத்தை இவ்வாறு பாதிக்கும். அம்மருந்து பலரை வாழவைத்த மருந்து. தாகம் வந்துவிட்டதென்று தாமாகவே அதனை நிறுத்திவிடலாகாது. கொடுத்த வைத்தியரிடமே போகவேண்டும். இலித்தியம் எடுப்பவருக்கு நீர் குறைந்தால் மருந்து உடலிற் தேங்கி நஞ்சாகும் என்பதையும் வீட்டார் அறிந்திருத்தல் நன்று.

ஆகவே சீனி இல்லை என்று கண்டபின் வைத்தியர் குருதியில் உள்ள கல்சியம், பொற்றாசியம், சோடியம் ஆகியவற்றையும், சிறுநீரகம் வேலை செய்யும் திறத்தையும் சோதிப்பார். எடுக்கும் மருந்துகளையெல்லாம் கேட்பார். சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரை குருதியழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ முன்னரே கொடுக்கப்பட்டிருந்து, நோயாளி அதனை மறந்திருப்பதும் உண்டு. இவ்வளவும் ஆராய்ந்தபின் எஞ்சுவது கடினமான ஒரு கேள்வி: கட்டளை இல்லையா, கட்டளை கேட்கப்படவில்லையா, அன்றி இவர் பழக்கத்தாலே மிகுதியாக அருந்துகின்றாரா?

இதனைத் தீர்க்க நெடுங்காலமாக வழங்குவது நீர் மறுப்புப் பரிசோதனை. நோயாளியை வைத்தியசாலையில் வைத்துச் சில மணி நேரம் நீர் கொடாமல், இடையிடையே நிறையை நிறுத்து, குருதியின் செறிவையும் சிறுநீரின் செறிவையும் அளக்கின்றனர். செறிவலகு கணக்கிற் சிறுநீர் 800 வரை ஏறுமாயின் கட்டளையும் கேள்வியும் நன்றாயிருக்கின்றன. குருதி அடர்ந்த பின்னரும் சிறுநீர் 300க்குக் கீழே நீர்த்தே இருக்குமாயின் நோய் உறுதி. அப்பொழுது செயற்கை ஓமோனை ஊசியாகக் கொடுப்பர். சிறுநீர் விரைந்து செறிவடைந்தால் ஓமோன் இல்லாமையே குறை. செறிவடையாவிட்டாற் சிறுநீரகம் கேளாமையே குறை. உடல் நிறையில் 3 சதவீதத்துக்கு மேற் குறைந்தாற் பரிசோதனையை உடனே நிறுத்திவிடுவர். இந்தப் பரிசோதனை பலரில் இரண்டுங்கெட்டான் விடையைத் தருவதால், செறிந்த உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றி, வாசோபிரெசினோடு உடன்பிறக்கும் கோபெப்டின் என்னும் பொருளைக் குருதியில் அளக்கும் முறையொன்றை 2018ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அது நீர் மறுப்பிலும் திருத்தமான விடையைத் தந்தது. எல்லா நாடுகளிலும் எல்லா வைத்தியசாலைகளிலும் அது செய்யப்படுவதில்லை.

நீர் மறுப்பு என்றதும், "அதைத்தானே நாமும் வீட்டிற் செய்தோம்" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமே. வைத்தியசாலையில் அதைச் செய்வோர் தராசையும் ஆய்வுகூடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்நேரமும் நிறுத்தும் ஆயத்தத்தோடு செய்கின்றனர். வீட்டிற் செம்பைப் பறிப்பவருக்கு அளவுமில்லை, எல்லையுமில்லை. ஓமோன் இல்லாதவருடைய சிறுநீர், நீர் அருந்தாவிட்டாலும் நிற்பதில்லை, வழிந்துகொண்டேயிருக்கும். சில மணி நேரத்திற் குருதியிற் சோடியம் ஏறுகின்றது, மனம் குழம்புகின்றது, சினமும் பிதற்றலும் தோன்றுகின்றன. 2009ஆம் ஆண்டில் லண்டன் நகரில், எலும்புச் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட ஓர் இளைஞருக்கு இந்நோய் முன்னரே இருந்தது. அவர் வழமையாக எடுத்துவந்த ஓமோன் மருந்து அங்கே கொடுபடாமற் போயிற்று. தண்ணீர் கேட்டுக் கேட்டு, ஈற்றில் மனம் குழம்பி முரண்டு செய்தபோது, அதனை நோயின் குறியாகக் கொள்ளாது அவரை அடக்கி அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்தனர். தண்ணீர் வேண்டிக் காவற்றுறையினருக்கே அவர் தொலைபேசியில் அழைப்பு விடுத்திருந்தார். நீரிழப்பினால் அவர் உயிரிழந்தார். கவனிப்பின்மை அதற்குத் துணைபோயிற்று என்று 2012ஆம் ஆண்டில் மரண விசாரணை கூறியது.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு நோயின் பெயரும் ஓரளவு காரணம் எனக் கருதப்பட்டது. பெயரில் நீரிழிவு என்ற சொல்லைக் கண்டதும், வைத்தியசாலை ஊழியர் சிலர் சீனியைச் சோதித்து, அது சரியாயிருக்கக் கண்டு, வேறு கவலையில்லை என்று விட்டுவிட்டனர். ஆகவே 2022ஆம் ஆண்டில் அகஞ்சுரக்கும் சுரப்பிகளின் நோய்களை ஆராயும் அனைத்துலகச் சங்கங்கள் கூடிப் பெயரை மாற்றின. வாசோபிரெசின் குறைபாடு என்பது ஒன்று. வாசோபிரெசினுக்குச் சிறுநீரகம் இணங்காமை மற்றொன்று. இருநூறு ஆண்டுக்கு மேல் வழங்கிய பெயரை நோயாளரின் உயிர் கருதி மாற்றியது மருத்துவ உலகில் அடிக்கடி நிகழும் செயலன்று.

அளவுகடந்து அருந்தும் மூன்றாம் வகையினரைப் பற்றியும் சில சொற்கள் வேண்டும். நீண்டகால மனநோயாளர் சிலரும், வாயை உலரச் செய்யும் மருந்துகளை எடுப்பவர் சிலரும், நிறையத் தண்ணீர் குடித்தால் எல்லா நோயும் கழுவப்படும் என்று நம்பும் நலமுள்ளவர் சிலரும் இவ்வகையில் அடங்குவர். இவர்களிடம் மட்டுமே நீரைக் குறைத்தல் சிகிச்சையாகும். அதனையும் வைத்தியரின் கணக்கின்படி சிறிது சிறிதாகச் செய்தல் வேண்டும். இவர்களுக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகின்றது. குருதியிற் சோடியம் இறங்கித் தலைவலியும் வாந்தியும் வலிப்பும் தோன்றலாம். மற்றவருக்கு உயிர்தரும் ஓமோன் மருந்து இவருக்குக் கேடு செய்யும். இதனாலேயே நோயை நிச்சயிக்காமல் மருந்து கொடுக்க வைத்தியர்கள் தயங்குகின்றனர். தாமதம் என்று அவர்களை நோதல் பொருந்தாது.

சிகிச்சையின் வரலாறு சுவையானது. 1913ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வொன் டென் வெல்டனும் இத்தாலியில் பாரினியும் விலங்குகளின் கபச்சுரப்பிச் சாற்றை ஊசியாகக் கொடுத்துச் சிறுநீர் குறைவதைக் கண்டனர். அதன் பின் பல ஆண்டுகளாக நோயாளர் உலர்த்தி அரைத்த கபச்சுரப்பித் தூளை மூக்குப்பொடி போல உறிஞ்சிவந்தனர். மூக்குப் புண்ணாகித் தும்மலும் இளைப்பும் சிலருக்கு வந்தன. ஆயினும் இரவில் உறங்க முடிந்தது. வாசோபிரெசினின் அமைப்பைக் கண்டு அதனைச் செயற்கையாக ஆக்கிய அமெரிக்க இரசாயன அறிஞர் வின்சென்ற் டு விக்னோ, இத்துறைப் பணிக்காக 1955ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1967ஆம் ஆண்டில் பிராக் நகர ஆய்வாளர் அதன் அமைப்பைச் சற்றே மாற்றி டெஸ்மோபிரெசின் என்னும் மருந்தை ஆக்கினர். குருதியழுத்தத்தை ஏற்றாமல், சிறுநீரை மட்டும் நெடுநேரம் அடக்கும் இயல்புடையது அது. இன்று மூக்கில் விசிறும் திரவமாகவும், விழுங்கும் மாத்திரையாகவும், நாவின்கீழ் கரையும் மாத்திரையாகவும், ஊசியாகவும் வழங்குகின்றது. பத்துப் போத்தல் குடித்தவர் முதல் நாள் மருந்தோடு விடியும்வரை உறங்கி எழுவது, கண்டோர் மறவாத காட்சி.

இம்மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. மருந்தின் வலிமை உடலில் இருக்கும்போது பழக்கத்தினால் முன்போல நீரை அருந்தினால், வெளியேற வழியின்றி நீர் தேங்கிச் சோடியம் இறங்கும். ஆகவே மருந்து எடுப்பவர் தாகம் எடுத்தால் அருந்தவேண்டும், தாகமின்றி அருந்தலாகாது. வாரத்தில் ஒரு முறையாவது ஒரு வேளை மருந்தைச் சற்றுத் தாமதித்து, தேங்கிய நீர் கழிய விடுமாறு வைத்தியர் சொல்வதும் இதற்காகவே. தலைவலி, ஓங்காளம், தடுமாற்றம் தோன்றினால் அடுத்த வேளை மருந்தை எடுக்குமுன் சோடியத்தைச் சோதிப்பித்தல் வேண்டும்.

சிறுநீரகம் இணங்காத வகையினருக்கு இந்த ஓமோன் பெரிதும் உதவுவதில்லை. கல்சியத்தையோ பொற்றாசியத்தையோ சீர்செய்தல், காரணமான மருந்தை மாற்றுதல், உப்பைக் குறைத்து உண்ணல் ஆகியவை முதற்படிகள். அதன்மேற் கொடுக்கப்படுவது, கேட்போர் வியக்கும்படி, சிறுநீரைப் பெருக்கும் தயசைட்டு வகை மாத்திரையே. 1959ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது. மாத்திரை உடலின் உப்பைச் சிறிது குறைக்கின்றது. உப்புக் குறைந்த உடல், வடித்த நீரைக் குழாயின் தொடக்கத்திலேயே பெருமளவில் மீட்டுக்கொள்கின்றது. கடைக்குழாய்க்குப் போய்ச் சேரும் நீர் குறைவதால் வெளியேறுவதும் குறைகின்றது. முள்ளை முள்ளால் எடுக்கும் இம்முறையிற் சிறுநீர் பாதியளவுக்குக் குறைவதுமுண்டு.

வாசோபிரெசின் குறைபாடு உள்ளவர் தமது நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் வேளையையும் எழுதிய அட்டையொன்றைச் சட்டைப் பையில் எப்பொழுதும் வைத்திருத்தல் வேண்டும். சீனி வருத்தமன்று, நீர் நிறுத்தலாகாது என்பதை அதிற் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவது நம் நாட்டுக்கு ஏற்றது. வேறொரு நோய்க்காக வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால், உடன்போகும் உறவினர் அந்த மருந்து வேளை தவறாமற் கொடுக்கப்படுகின்றதா என்று தாமே கேட்டறிய வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் பட்டினி இருக்கச் சொன்னால், நோயின் பெயரை மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரிடம் அப்பொழுதே சொல்லவேண்டும். கந்தசட்டியில் நீரும் அருந்தாது விரதம் இருப்பவரும், றமழான் நோன்பு நோற்பவரும் இந்நோய் உடையவராயின் தத்தம் வைத்தியரைக் கேளாது தொடங்கலாகாது. மூக்கில் விசிறும் மருந்துகளுட் சில குளிர்பெட்டியில் வைக்கவேண்டியவை. மின்சாரம் இல்லாத வீடுகளிலும் நெடும் பயணங்களிலும் மாத்திரையாக எழுதித் தருமாறு வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.